மறைக்கும் வண்ணமும் காட்டும் வண்ணமும்

நுழையும்முன்

படைவீரனின் சீருடையில் தீட்டப்படும் வண்ணத்திட்டுகள் அவனைப் பகைவரின் பார்வையிலிருந்து மறைப்பதற்காக உருவானவை. அதே வீரனை விரல்நீளச் சிற்றுருவமாக வார்த்து வண்ணம் தீட்டுபவரோ, அந்தத் திட்டுகள் பார்ப்பவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்று விரும்புகிறார். ஒளி, நிழல், தொலைவு ஆகியவற்றைப் பற்றிய ஒரே அறிவு ஓரிடத்தில் மறைக்கவும் வேறோரிடத்தில் காட்டவும் பயன்படும் விதத்தை இக்கட்டுரையில் காண்போம்.

உள்ளங்கையில் ஒரு படைவீரன்

போர்வீரர்களின் உருவங்களைச் சிறிய அளவில் வார்த்து வண்ணம் தீட்டும் கலை ஐரோப்பாவில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரக் கைவினைஞர்கள் வெள்ளீயத்தில் தட்டையான வீரர்களை வார்த்து விற்றனர். 1893ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிட்டன் குடும்பத்தினர் உள்ளே வெற்றிடம் உள்ள ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கண்டறிந்தனர். ஈயச் செலவு குறைந்ததால் விலையும் குறைந்தது. 54 மில்லிமீட்டர் உயரமுள்ள அவ்வீரர்கள் எளிய வீடுகளுக்குள்ளும் புகுந்தனர். அறிவியல் புனைகதைகளால் புகழ்பெற்ற எச்.ஜி. வெல்ஸ், இத்தகைய பொம்மை வீரர்களைத் தரையில் அணிவகுத்து ஆடும் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து, 1913இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். இன்று ஈயத்தின் இடத்தைப் பிளாஸ்டிக்கும் ரெசினும் பிடித்துக்கொண்டன. விளையாட்டு மேசை, சேகரிப்பாளரின் கண்ணாடிப் பேழை, போர்க்களக் காட்சிகளை விளக்கும் அருங்காட்சியகம் எனப் பல இடங்களில் இச்சிற்றுருவங்களைக் காணலாம்.

தொடக்கக் காலச் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. செந்நிறச் சட்டை, வெண்ணிறக் கச்சை, பொன்னிறப் பொத்தான் என்று கோட்டுக்குள் வண்ணத்தை நிரப்பினால் போதும். அக்காலப் படைகளே அப்படித்தான் உடுத்தின. கரிமருந்துத் துப்பாக்கிகள் எழுப்பிய புகையின் நடுவே தம் வீரர் யார், பகைவர் யார் எனத் தளபதிகள் கண்டறிய அந்தப் பகட்டு வண்ணங்களே உதவின. புகையற்ற வெடிமருந்தும் நெடுந்தொலைவு சுடும் துப்பாக்கியும் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. பளிச்சென்று தெரிந்தவன் முதலில் வீழ்ந்தான்.

இம்மாற்றத்தின் முதல் அடையாளங்களுள் ஒன்று நம் துணைக்கண்டத்தில் தோன்றியது. 1846இல் பெசாவரில் ஹாரி லம்ஸ்டன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய வழிகாட்டிப் படையினர், அந்நிலத்தின் புழுதி நிறத்திலேயே உடுத்தலாயினர். புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்ததே ‘காக்கி’. இன்று நம் ஊர்களில் காவலரும் ஓட்டுநரும் அணியும் உடையின் பெயரில் அந்தப் புழுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயினும் எல்லாப் படைகளும் இப்பாடத்தை உடனே கற்கவில்லை. 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது பிரெஞ்சுக் காலாட்படையினர் செந்நிறக் காற்சட்டையோடு போர்க்களம் புகுந்தனர். சில மாதங்களில் நேர்ந்த பேரிழப்புகளுக்குப் பின்னரே அச்சிவப்பு கைவிடப்பட்டு, நீலம் கலந்த சாம்பல்நிறச் சீருடை வந்தது.

ஓவியர் கண்ட விதி

மறைக்கும் கலையின் அடிப்படையை விளக்கியவர் படைத்தளபதி அல்லர், ஓவியர். அமெரிக்க ஓவியரான ஆபட் தேயர், மான், முயல் முதலிய பல விலங்குகளுக்கு முதுகு அடர்நிறமாகவும் வயிறு வெளிர்நிறமாகவும் இருப்பதற்குரிய காரணத்தை 1896இல் எழுதினார். வானிலிருந்து விழும் வெளிச்சம் எப்பொருளின் மேற்புறத்தையும் ஒளிரச் செய்கிறது. கீழ்ப்புறத்தை நிழலில் ஆழ்த்துகிறது. இந்த ஒளிநிழல் வேறுபாட்டைக் கொண்டே ஒரு பொருள் உருண்டு திரண்டது என நம் கண் உணர்கிறது. விலங்கின் உடல்வண்ணமோ இதற்கு நேர்மாறாக அமைந்துள்ளது. ஒளி மிகும் இடத்தில் அடர்நிறம், நிழல் விழும் இடத்தில் வெளிர்நிறம். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் திரட்சி மறைந்து, விலங்கு தட்டையாகத் தோன்றிப் பின்னணியோடு கலந்துவிடுகிறது. இதனை எதிர்நிழல் எனலாம்.

தேயர் தம் கொள்கையின்மீது கொண்ட பற்றினால் அளவுகடந்தும் சென்றார். பூநாரைகளின் இளஞ்சிவப்பு நிறம்கூட, விடியலிலும் அந்தியிலும் செவ்வானத்தோடு கலந்து மறைவதற்கே என்று வாதிட்டார். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்தவரும் வேட்டையிலும் இயற்கையியலிலும் தேர்ந்தவருமான தியோடர் ரூசுவெல்ட் இதனைக் கடுமையாக மறுத்து எழுதினார். மறுப்பில் நியாயம் உண்டு. எனினும் எதிர்நிழல் விதி இன்றும் நிலைத்து நிற்கிறது.

சிற்றுருவக் கலைஞர் செய்வது இவ்விதிக்கு நேர் எதிரானது. வெயிலில் நிற்கும் மனிதனின் சட்டையில் மடிப்புகள் ஆழ்ந்த நிழல்களை வீழ்த்தும். அறைக்குள் மேசைமேல் நிற்கும் ஐந்து சென்டிமீட்டர் உருவத்திலோ அத்தகைய நிழல் விழுவதில்லை. அறை விளக்கின் ஒளி நண்பகல் வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. அதுவும் சுவர்களில் பட்டுச் சிதறிப் பல திசைகளிலிருந்து வந்து சேர்வதால் நிழல்கள் மங்கிவிடுகின்றன. ஒரே பச்சையைச் சட்டை முழுதும் பூசினால் உருவம் களிமண் கட்டி போலத் தட்டையாகத் தெரியும். எனவே கலைஞர், தோளின் மேற்பகுதி, மடிப்பின் முகடு, தலைக்கவசத்தின் உச்சி ஆகியவற்றுக்கு வெளிர்நிறமும், அக்குள், கச்சையின் அடிப்பகுதி, மடிப்பின் பள்ளம் ஆகியவற்றுக்கு அடர்நிறமும் தீட்டுகிறார். இல்லாத சூரியனைத் தூரிகையால் வரவழைக்கிறார் என்று சொல்லலாம். மான் தன் திரட்சியை எவ்வழியில் மறைக்கிறதோ, அவ்வழியைத் திருப்பிப் போட்டு அவர் திரட்சியைக் காட்டுகிறார்.

இதில்தான் உருமறைப்புச் சீருடையின் இடர்ப்பாடு அடங்கியிருக்கிறது. அச்சீருடையின் திட்டுகள் மனித உருவத்தின் விளிம்புகளை உடைத்துச் சிதைப்பதற்காகவே வரையப்பட்டவை. தோள் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்பது தெரியக்கூடாது என்பதே அவற்றின் நோக்கம். அத்திட்டுகளை உண்மையாகத் தீட்ட வேண்டும். தோளும் கையும் தெரியவும் வேண்டும். ஒரே சட்டையில் இவ்விரண்டையும் நிறைவேற்றுவது எளிதன்று.

சிற்றுருவம் காத்த கப்பல்கள்

சிற்றுருவத்துக்கு வண்ணம் தீட்டுவது வெறும் பொழுதுபோக்கு என எண்ணுவோர், 1917இல் இலண்டன் மாநகரின் பர்லிங்டன் மாளிகையில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி முதல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களையும் முன்னறிவிப்பின்றித் தாக்கத் தொடங்கின. ஏப்ரல் மாதத்தில் மட்டும் எட்டு இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. உணவுக்குக் கடல்வழியை நம்பியிருந்த பிரிட்டனுக்கு இது உயிர்ச்சிக்கல்.

கடற்காட்சி ஓவியரும் கடற்படைத் தன்னார்வ அதிகாரியுமான நார்மன் வில்கின்சன் அப்போது ஒரு புதிய கருத்தை முன்வைத்தார். வானமும் கடலும் நொடிக்கு நொடி நிறம் மாறுவன. புகைபோக்கியிலிருந்து கரும்புகையோ ஓயாமல் எழுவது. ஆகவே கப்பலை எந்த வண்ணத்தாலும் மறைக்க முடியாது. மறைக்க முடியாததை மறைக்க முயல்வதைவிட, அது எத்திசையில் செல்கிறது என்பதைப் பகைவன் தவறாகக் கணிக்கும்படி செய்வதே மேல் என்றார் அவர். நீர்மூழ்கியிலிருந்து ஏவப்படும் டார்பிடோ கப்பலைச் சென்றடையச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் கப்பல் நகர்ந்துவிடும். ஆகையால் கப்பலின் திசை, வேகம், தொலைவு ஆகியவற்றைக் கணித்து, அது வந்துசேரப்போகும் இடத்தை நோக்கியே குறிவைக்க வேண்டும். திசையைக் கணிப்பதில் சில பாகைகள் பிழைத்தாலும் டார்பிடோ இலக்கைத் தவறவிடக்கூடும்.

இதற்காக அரசக் கலைக்கழகத்தின் ஓவியக்கூடங்களில் ஒரு பணிமனை அமைந்தது. கப்பல்களின் சிறிய மரமாதிரிகள் அங்கே செய்யப்பட்டன. கலைப்பள்ளிகளில் பயின்ற பெண் ஓவியர்கள் பலர் அம்மாதிரிகள்மீது கறுப்பு, வெள்ளை, நீலம், பச்சை எனச் சாய்ந்த பட்டைகளையும் வளைகோடுகளையும் தீட்டினர். தீட்டிய மாதிரியைச் சுழலும் மேடைமேல் வைத்து, வானமும் கடலும் வரைந்த திரைகளைப் பின்னணியாக அமைத்து, நீர்மூழ்கியில் உள்ளது போன்ற பெரிஸ்கோப் வழியாகப் பார்த்தனர். மேடையைச் சுழற்றச் சுழற்ற, எந்த வடிவம் கண்ணை மிகுதியாக ஏமாற்றுகிறதோ அது தேர்ந்தெடுக்கப்பட்டது. பின்னர் அவ்வடிவம் கப்பலின் இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் தனித்தனி வரைபடமாகத் துறைமுகங்களுக்கு அனுப்பப்பட்டது. அங்கே எட்வர்டு வாட்ஸ்வொர்த் போன்ற ஓவியர்களின் மேற்பார்வையில் தொழிலாளர்கள் உண்மையான கப்பலில் அதனைத் தீட்டினர். இவ்வாறு வண்ணம் பெற்ற கப்பல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை.

இளமையில் கடற்படையில் பணியாற்றிய அரசர் ஐந்தாம் ஜார்ஜ் ஒருமுறை இப்பணிமனைக்கு வந்தார். மாதிரிக் கப்பல் ஒன்றைப் பார்த்து அது செல்லும் திசையைக் கூறும்படி கேட்டபோது, அவரும் தவறாகவே விடையளித்தார் என்று வில்கின்சன் பின்னாளில் எழுதியுள்ளார்.

இம்முறை எத்தனை கப்பல்களைக் காத்தது என்பதை எண்ணிக்கையால் உறுதியாக நிறுவ இயலவில்லை. அதே 1917ஆம் ஆண்டில் கப்பல்களைக் கூட்டமாகத் திரட்டிப் போர்க்கப்பல்களின் காவலோடு அனுப்பும் முறையும் நடைமுறைக்கு வந்தது. இழப்புகள் குறைந்ததில் எதன் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிய முடியாமல் போயிற்று. ஆயினும் வண்ணம் பூசிய கப்பலில் செல்லும் மாலுமிகளுக்கு அது மனவுறுதி தந்தது என்பதைப் பலரும் ஒப்புகின்றனர். அம்மர மாதிரிகள் பல இன்றும் இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. வழக்கமாகப் பெரியதைப் பார்த்தே சிறியது செய்யப்படும். இங்கே சிறியதைப் பார்த்துப் பெரியது செய்யப்பட்டது.

துணியில் ஏறிய இலைநிழல்

தரைப்படையிலும் இக்கலையை வளர்த்தவர்கள் ஓவியர்களே. 1915இல் பிரெஞ்சு ஓவியர் கிராண்டு தெ செவோலா முதலானோரைக் கொண்டு பிரெஞ்சுப் படை ஒரு தனிப்பிரிவை அமைத்தது. பீரங்கிகளையும் அவற்றை மூடும் துணிகளையும் திட்டுத்திட்டாகத் தீட்டுவது அவர்களின் பணி. பச்சோந்தி அவர்களுடைய சின்னம்.

அச்சிட்ட துணி அதன்பின் வந்தது. 1929இல் இத்தாலியப் படை கூடாரத் துணிக்கென ஓர் உருமறைப்பு வடிவத்தைப் பெரும் அளவில் அச்சிட்டது. 1931இல் ஜெர்மானியப் படையின் முக்கோணக் கூடாரத்துணி வெளிவந்தது. வெளிறிய மண்ணிறத் தரையில் கண்ணாடிச் சில்லுகள் போன்ற கூர்முனைப் பச்சைத் திட்டுகளும் பழுப்புத் திட்டுகளும், அவற்றின்மேல் சாரல் விழுவதுபோன்ற சிறு பச்சைக் கோடுகளும் அதில் அமைந்திருந்தன. சில்லு வடிவம் என்று பொருள்படும் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் வான்குடை வீரர்கள் அணிந்த டெனிசன் மேற்சட்டையில் தூரிகையை அகலமாக இழுத்தது போன்ற திட்டுகளைக் காணலாம்.

இவற்றுள் சிற்றுருவக் கலைஞர் கூர்ந்து நோக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1948இல் அமெரிக்கப் படைப்பொறியியல் ஆய்வகம் ஓர் இலைவடிவ உருமறைப்பை உருவாக்கியது. பிற்காலத்தில் வியட்நாம் காடுகளில் அது பயன்பட்டது. அடர்ந்த காட்டில் பகைவர் மிக அருகிலேயே எதிர்ப்படுவர் என்பதால் அதன் சிறிய திட்டுகள் அங்கே பொருந்தின. ஐரோப்பாவின் திறந்த நிலப்பரப்பில், நெடுந்தொலைவிலிருந்து பார்க்கும்போது அத்திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே நிறமாகிவிடும்; மனித உருவம் மீண்டும் தெரிந்துவிடும். ஆகவே 1981இல் அறிமுகமான புதிய சீருடைக்கு அவ்வடிவமே 60 விழுக்காடு பெரிதாக்கப்பட்டது. திட்டின் அளவைத் தொலைவே முடிவுசெய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இப்பாடம் மறக்கப்பட்டதும் உண்டு. 2004இல் அதே நாட்டுத் தரைப்படை, எல்லா நிலத்துக்கும் ஒன்றே போதும் என்று கருதிச் சிறுசிறு சதுரங்களால் ஆன வெளிர்சாம்பல் வடிவத்தை ஏற்றது. தொலைவில் அச்சதுரங்கள் கலந்து வெளிறித் தெரிந்தன. நிறைகளைவிடக் குறைகளே மிகுந்த அச்சீருடை, 2015 முதல் வேறொன்றால் மாற்றப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

இந்தியத் தரைப்படையின் புதிய களச்சீருடை, 2022 ஜனவரி 15 அன்று தில்லியில் நடைபெற்ற படைநாள் அணிவகுப்பில் அறிமுகமானது. தேசிய ஆடைவடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கப்பட்ட அதில், ஆலிவ் பச்சையும் மண்ணிறமும் கணினி வடிவத் திட்டுகளாக இடம்பெற்றுள்ளன.

முப்பத்தைந்தில் ஒரு பங்கு

இனி மேசைக்குத் திரும்புவோம். சிற்றுருவங்களுள் 1/35 என்னும் அளவுவிகிதம் பெரிதும் வழக்கில் உள்ளது. 175 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் அதில் ஐந்து சென்டிமீட்டராவான். 1/72 விகிதத்தில் இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். 1/35 உருவத்தைக் கையில் எடுத்து 30 சென்டிமீட்டர் தொலைவில் பார்க்கிறோம் எனில், அது உண்மையான வீரனைப் பத்தரை மீட்டர் தொலைவில் பார்ப்பதற்குச் சமம். அதே உருவத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்து மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், வீரன் 105 மீட்டர் தொலைவுக்குச் சென்றுவிடுகிறான். அங்கே உருமறைப்பு தன் வேலையைச் செம்மையாகச் செய்யும். சிற்றுருவக் கலைஞரின் உழைப்பு பார்வையாளர் கண்ணில் படாமற்போகும்.

ஜெர்மானியச் சில்லு வடிவத்தை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். துணியிலுள்ள சாரற்கோடு ஒரு மில்லிமீட்டர் அகலம் உடையது என வைத்துக்கொண்டால், 1/35 விகிதத்தில் அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் அதைவிடப் பருமனானது. எந்தத் தூரிகையாலும் அதை உள்ளவாறு தீட்ட இயலாது. தீட்டினாலும் காண இயலாது. இங்கே கலைஞர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். சிலர் கோடுகளை அறவே விட்டுவிடுகின்றனர். சிலர் எண்ணிக்கையைக் குறைத்து, அகலத்தைச் சிறிது கூட்டி, திட்டுகளின் நிறத்தோடு மிக நெருங்கிய ஒரு பச்சையால் குறிப்பாக மட்டும் இடுகின்றனர். பின்னதே சிறந்தது எனத் தோன்றுகிறது. கோடு உண்டு என்பது தெரியும், ஆனால் கண்ணைக் குத்தாது. திட்டுகளையும் இவ்வாறே உண்மை அளவைவிடச் சற்றுப் பெரிதாக்கி, எண்ணிக்கையில் குறைப்பர். 1981இல் படைத்துறை செய்த அதே திருத்தத்தை அவர்கள் விரலளவு உருவத்தில் செய்கின்றனர்.

வேலையின் படிகளைச் சுருக்கமாகக் கூறலாம். வார்ப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசையைச் சோப்புநீரால் கழுவி உலர்த்தியபின், வண்ணம் பற்றிக்கொள்வதற்கான அடிப்பூச்சு இடவேண்டும். கறுப்பு அடிப்பூச்சின்மேல், உருவத்தின் தலைக்கு நேர் மேலிருந்து மட்டும் வெண்ணிறத்தை மெல்லத் தெளிப்பது ஒரு நல்ல உத்தி. வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்பதை அத்தெளிப்பே காட்டிக்கொடுக்கும். அதன்மேல் சீருடையின் தரைநிறம், அதன்மேல் பழுப்பு, பின்னர் பச்சை. அக்ரிலிக் வண்ணத்தைப் பால்போல் ஓடும் பதத்துக்கு நீர்விட்டுக் கலக்கிக்கொள்ள வேண்டும். கெட்டியான வண்ணம் துணியின் மடிப்புகளையே நிரப்பி மறைத்துவிடும். சிறிய திட்டுக்கு மிகச் சிறிய தூரிகைதான் வேண்டும் எனப் புதியவர்கள் நினைப்பதுண்டு. அது சரியன்று. மிக மெல்லிய தூரிகையில் வண்ணம் உருவத்தைத் தொடுமுன்பே உலர்ந்துவிடும். வயிறு பருத்து முனை கூர்ந்த நடுத்தரத் தூரிகையே கைகொடுக்கும்.

திட்டுகளை இடுவதில் கைப்பழக்கத்தைவிடக் கண்பழக்கம் பெரிது. மனிதக்கை, தன்னையறியாமல் ஒரே அளவான புள்ளிகளை ஒரே இடைவெளியில் வைக்கும் இயல்புடையது. அவ்வாறு தீட்டிய வீரன் புள்ளிமான் போலாவான். உண்மையான வடிவத்தில் ஒரு திட்டு நீண்டு கிடக்கும், அடுத்தது குறுகியிருக்கும், இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஓரிடத்தில் வெற்றுத்தரையே விரிந்திருக்கும். உடையில் தையல் விழும் இடங்களையும் நோக்க வேண்டும். துணியில் வடிவத்தை அச்சிட்ட பின்னரே வெட்டித் தைக்கின்றனர். ஆகவே சட்டைப்பையின் விளிம்பிலும் தோள்பட்டைத் தையலிலும் திட்டு தொடராமல் அறுபட்டு நிற்கும். சட்டையின் மார்பிலிருந்து பைமீது ஒரே திட்டு வழுக்கிச் செல்வதுபோல் தீட்டினால், தீட்டியவர் துணியைப் பார்க்கவில்லை, படத்தை மட்டுமே பார்த்தார் என்பது தையற்காரருக்கு உடனே விளங்கிவிடும். தைத்த பின்னர்க் கையால் வண்ணம் பூசிய உடைகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

திட்டுகள் உலர்ந்தபின் ஒளியும் நிழலும் சேர்க்கப்படுகின்றன. மிகவும் நீர்த்த கரும்பழுப்புக் கரைசலை மடிப்புகளின் பள்ளங்களில் மட்டும் ஓடவிட்டால், மூன்று வண்ணங்களையும் அது ஒன்றுபோல இருளச் செய்யும். பிறகு முகடுகளில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் அதனதன் வெளிர்நிறத்தைத் தனித்தனியே இடவேண்டும். பச்சைத்திட்டு முகட்டைக் கடக்கும் இடத்தில் வெளிர்பச்சை. பழுப்பு கடக்கும் இடத்தில் வெளிர்பழுப்பு. வேலையைச் சுருக்க எண்ணி எல்லாவற்றின்மேலும் ஒரே வெளிர்நிறத்தைத் தேய்த்தால் சீருடை புழுதிபடிந்தது போலாகிவிடும். பாலைவனக் களத்து வீரனுக்கு அதுவே பொருத்தம் என்பது வேறு. இறுதியாகப் பளபளப்பற்ற வார்னிஷ் ஒரு பூச்சு. துணி மின்னினால் அதன் பின்னுள்ள பிளாஸ்டிக்கும் தெரிந்துவிடும்.

உடுத்தியவர் யார்?

உருமறைப்பு வடிவங்களுள் கண்ணுக்கு மிக அழகானவை எனச் சேகரிப்பாளர் பலர் கருதுபவை, இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மனியில் நாஜிக் கட்சியின் ஆயுதப்பிரிவான வாஃபன் எஸ்.எஸ். அணிந்தவை. இலைகளின் ஊடே வடியும் ஒளியை ஆராய்ந்து, ஒருபுறம் வேனிற்பச்சையும் மறுபுறம் இலையுதிர்காலப் பழுப்புமாக, திருப்பி அணியும்படி வடிவமைக்கப்பட்ட துணிகள் அவை. அவற்றை நுட்பமாகத் தீட்டுவது ஒரு சவால் என்பதால் கலைஞர்கள் அவற்றை விரும்புகின்றனர். அவ்வுடையணிந்த பிரிவுகள் பொதுமக்களையும் போர்க்கைதிகளையும் கொன்று குவித்தன. பிரான்சின் ஒரதூர் சிற்றூரில் 1944 ஜூன் 10 அன்று அறுநூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதும் அத்தகைய பிரிவொன்றின் கையால்தான். ஒரு சிற்றுருவத்தைக் கண்ணாடிப் பேழையில் வைப்பவர் அதன் அடித்தட்டில் படைப்பிரிவின் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைப் பொறிப்பது வழக்கம். அந்த வரியை எழுதும் கைக்கு, அவ்விடத்தில் அவ்வாண்டில் என்ன நடந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வண்ணத்தைச் சரியாகத் தீட்டிவிட்டு வரலாற்றை விட்டுவிடுவது அரைகுறை வேலையே. நல்ல அருங்காட்சியகங்கள் இதில் கருத்தாக இருக்கின்றன.

முகமும் கண்ணும்

சீருடை முழுதும் முடிந்தபின் எஞ்சுவது முகம். களத்திலும் முகமே வீரனை முதலில் காட்டிக்கொடுக்கும். எந்த நிறத்துத் தோலாயினும் அதில் ஊறும் எண்ணெய்ப்பசை ஒளியில் மின்னும். எனவே வீரர்கள் முகத்துக்கும் வண்ணம் பூசிக்கொள்கின்றனர். நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, முகவாய் என மின்னும் இடங்களில் அடர்நிறம்; கண்குழி, மூக்கின் கீழ், தாடையின் கீழ் என நிழல் தங்கும் இடங்களில் வெளிர்நிறம். இது தேயர் மானிடம் கண்ட அதே எதிர்நிழல். சிற்றுருவக் கலைஞர் தம் மிக வெளிர்ந்த வண்ணத்தை வைக்க விரும்பும் இடங்களும் அதே நெற்றியும் மூக்கும் கன்னமுமே.

இதற்குப் பலரும் கைக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. முதலில் முகத்தை வண்ணம் பூசாத முகமாகவே, மூக்கில் ஒளியும் கன்னத்தின்கீழ் நிழலுமாகத் தீட்டி முடிக்கின்றனர். அது நன்கு உலர்ந்தபின், ஊடுருவித் தெரியும்படி நீர்த்த பச்சையையும் பழுப்பையும் சாய்வான பட்டைகளாக அதன்மேல் இழுக்கின்றனர். பட்டைக்கு அடியிலிருந்து மூக்கின் வடிவம் மங்கலாகத் தெரியும். கண்ணில் வெள்ளை வைப்பதில்லை. பத்தரை மீட்டர் தொலைவில் நிற்பவரின் தலைக்கவச நிழலுக்குள் கண்ணின் வெள்ளை தெரியாது. வைத்தால் அவ்வீரன் எதையோ கண்டு திடுக்கிட்டவன் போல விழிப்பான். இமை இருக்கும் இடத்தில் ஒரு கரும்பழுப்புக் கோடும், அதன்கீழ் சற்று வெளிறிய ஒரு கோடும் போதும்.